பதினாலு சுத்து



புரட்டாசி பிறந்ததும் நம் இதழுக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். கொலுவுக்கு எத்தனை படி வைக்கலாம், ஒன்பது நாளும் ஒன்பது சுண்டலுக்கு என்ன செய்யலாம் என்ற கேள்விகளுக்கு நடுவில் மழைநீர் வடிகாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "தூர் வாருகிறோம் என்று வந்தார்கள். கன்னங்கரேல் என்று சேற்றை அள்ளி என் வாசலிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். கொலு பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டா வருவார்கள்?"

நியாயமான கோபம்தான். ஆனால் அந்தச் சேற்றை உடனே வண்டியில் ஏற்றாமல் ஏன் ஓரமாகப் போடுகிறார்கள்? வடிகாலிலிருந்து எடுத்த கையோடு வண்டலில் தண்ணீர் நிறைய இருக்கும். அப்படியே ஏற்றினால் வண்டி போகிற வழியெல்லாம் ஒழுகும். அப்புறம் அடுத்த தெருக்காரர் நமக்குக் கடிதம் எழுதுவார். ஒன்றிரண்டு நாள் வெயிலில் கிடந்து நீர் வடிந்தால் எடை குறையும், அள்ளுவதும் சுலபம். அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். நாலாம் நாளும் அங்கேயே கிடந்தால் விடாதீர்கள், போனைப் போடுங்கள். ஒரே ஒரு மழை போதும், அள்ளியது அத்தனையும் வந்த வழியே உள்ளே போய்விடும்.

போனைப் போடும் முன் ஒரு நிமிடம் அந்தக் குவியலை நின்று பாருங்கள். நான் பார்த்தேன். எங்கள் அலுவலகத் தெருவில் போன வாரம் எடுத்தது. தேங்காய்ச் சிரட்டை, பால் பாக்கெட், தெர்மாகோல், குழந்தையின் டயப்பர், பாதித் தலையணை, எல்லாவற்றுக்கும் நடுவில் கல் மாதிரி இறுகிப்போன சிமென்ட் கட்டிகள். வீடு கட்டுகிறவர்கள் கலவை போட்ட சட்டியையும் மெஷினையும் கழுவி, அந்தச் சிமென்ட் பாலை வடிகாலில் ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே போய் அது தளம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. மண்வெட்டி அதன்மேல் சறுக்குமே தவிர இறங்காது. குனிந்த முதுகோடு கடப்பாரையால் ஒருவர் அதை உடைத்துக்கொண்டிருந்தார். மூடிய வடிகாலின் ஆழம் அவருடைய இடுப்பளவு. நிமிர்ந்து கடப்பாரையை ஓங்க இடமில்லை. கையளவு தூக்கி, கையளவு குத்தி, அப்படியே உடைக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இந்த மாதம் அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குப்பை அள்ளுகிறவர்களைக் காலையில் தினமும் பார்க்கிறோம், முகமாவது தெரியும். ஆனால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று எல்லா ஊரிலும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ரோட்டில் பள்ளம் அடைப்பவர், தெருவிளக்கு மாற்றும் வயர்மேன், குழாய் உடைப்பைச் சரிசெய்யும் ஃபிட்டர், வால்வு திறப்பவர், வடிகால் வாரும் மஸ்தூர், இவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி. பராமரிப்புப் பணியாளர்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். இவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் நம் கண்ணில் படவே மாட்டார்கள். விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது, மழை வடிகிறது. இதையெல்லாம் யாராவது கவனித்துப் பாராட்டுவோமா?

சென்னையில் இது ஒரே அலுவலகத்தின் வேலையும் இல்லை. ரோடு, விளக்கு, மழைநீர் வடிகால் பெரும்பாலும் மாநகராட்சியிடம். குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் சட்டம் போட்டுத் தனி வாரியமாக்கப்பட்ட மெட்ரோ வாட்டரிடம். மற்ற பெரும்பாலான ஊர்களில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சென்னைக்காரர்களுக்கு மாநகராட்சிப் புகார் எண் 1913 மனப்பாடமாக இருக்கும். மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டதும் 1913-ஆம் ஆண்டில்தான். எண் மறந்தால் இதை நினைத்துக்கொள்ளலாம். மாநகராட்சியின் வயது அதைவிட எவ்வளவோ அதிகம். 1688-இல் தொடங்கியது. அன்றிலிருந்து யாரோ ஒருவர் இந்த ஊரின் சாக்கடையை வாரிக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறக்க வருபவரோடு எனக்குப் பல வருடப் பழக்கம். விடியற்காலையில் வருவார். தோளில் ஆளுயர இரும்புக் கம்பி, மேலே குறுக்காகக் கைப்பிடி, கீழே சதுர வாய். அதுதான் வால்வுச் சாவி. ரோட்டில் இருக்கும் சின்ன இரும்பு மூடியை நெம்பித் திறந்து, சாவியை உள்ளே இறக்கி, குறுக்குக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவார். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு சுற்றுவார்.

ஒருநாள் கேட்டேன்: "என்னண்ணே எண்றீங்க?"

"பதினாலு சுத்து, மேடம். இது ஆறு இஞ்ச் வால்வு. முழுசா தொறந்தா இருவது சுத்து போவும். ஆனா இந்தத் தெருவுக்குப் பதினாலுதான். பன்னெண்டுல நிறுத்துனா கடைசி வூட்டுக்குத் தண்ணி ஏறாது. இருவதும் தொறந்துட்டா அந்தப் பிள்ளையார் கோயிலாண்ட ஒரு பழைய ஜாயின்ட் இருக்கு, அது வுட்டுக்கும்."

மூடும்போது பார்த்தேன், அவசரமே படவில்லை. ஏன் என்றதற்கு, "சட்டுனு மூடுனா உள்ள ஓடுற தண்ணி திரும்பி அடிக்கும். குழாய் வெடிக்கிறதே அப்படித்தான்" என்றார். என்ஜினீயரிங் கல்லூரியில் இதற்குப் பெயரும் சூத்திரமும் இருக்கின்றன. இவர் கையில் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்களாண்ணே?"

சிரித்தார். "எழுதித்தான் இருப்பாங்க. ஜூனியர் என்ஜினீயர் மூணு பேர் மாறிட்டாங்க. நான்தான் இன்னும் மாறல."

அந்தப் பதில்தான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. யோசித்துப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் வந்தது. அதையொட்டிய காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள், ஈயம் காய்ச்சி ஊற்றி இணைத்தவை, பழைய சென்னைத் தெருக்களுக்கு அடியில் இன்னும் கிடக்கின்றன. அதற்கப்புறம் எத்தனை முறை ரோடு தோண்டினார்கள், எத்தனை கேபிள், எத்தனை கேஸ் லைன், எத்தனை வீட்டு இணைப்பு! வரைபடம் அலுவலகத்தில் இருக்கலாம். ஆனால் அந்த வரைபடத்தில் இருக்கும் வால்வு ரோட்டில் எங்கே என்று கேட்டால், இரண்டு முறை தார் போட்டதில் மூடி புதைந்துபோயிருக்கும். "அந்த வேப்ப மரத்துலேர்ந்து நாலு எட்டு வெச்சா அதுக்குக் கீழ இருக்கு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம் தெருவின் உண்மையான வரைபடம்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டால்?

இங்கேதான் நம் வீட்டுக்குள் விஷயம் வருகிறது. ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. வேலை ஒப்பந்தக்காரருக்குப் போகிறது. அவர் ஆறு பையன்களை அனுப்புகிறார். நல்ல பையன்கள், உழைப்பாளிகள். ஆனால் இந்த மாதம் வருகிறவர்கள் அடுத்த மாதம் இருப்பதில்லை. கூலி நேரத்துக்கு வராது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பது அவர்களுக்கே தெரியாது, முந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் டெலிவரி வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பதினாலு சுத்து என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தத் தெருவில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். குழாய் உடைந்ததும் எங்கே அடைப்பது என்று தேடி மூன்று இடத்தில் தோண்டுவார்கள். மூன்று பள்ளமும் நம் வாசலில்.

2025 ஆகஸ்ட் மாதம் ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். பெரும்பாலும் பெண்கள். தங்கள் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது, தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவுப்படி போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த வழக்கின் சட்டச் சிக்கல்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் பல வீடுகளில் கேட்ட பேச்சு, "குப்பை எடுத்தால் சரி, யார் சம்பளம் கொடுத்தால் நமக்கென்ன?" என்பது. என் சந்தேகம் இதுதான்: குப்பைக்கே அந்தப் பேச்சு சரியா என்று தெரியாது, குழாய்க்கும் வடிகாலுக்கும் நிச்சயம் சரியில்லை. அந்த வேலையில் அனுபவம்தான் சரக்கு. ஆளை நிறுத்தி வைத்துக்கொள்ளாமல் அனுபவத்தை எப்படி நிறுத்தி வைப்பது?

தனியார் என்றாலே மோசம், அரசு என்றாலே ஒழுங்கு என்றும் நான் சொல்ல வரவில்லை. நிரந்தர வேலையில் இருந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். யார் நடத்தினாலும் ஒரு தெருவுக்கு ஒரு நிலையான கை இருக்க வேண்டும், பெரியவரிடம் சின்னவர் இரண்டு வருடமாவது கூட நடந்து கற்றுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்பது நம் சுயநலம்தான். கூச்சப்படாமல் கேட்கலாம்.

பள்ளம் அடைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் ஒர்க் என்கிறார்கள். லாரியிலிருந்து கருப்புக் கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் மழைக்கே அது ஜல்லியாகச் சிதறி, ஸ்கூட்டரில் போகிறவரைச் சறுக்கிவிடும். பழைய கேங் செய்யும் விதம் வேறு. பள்ளத்தின் ஓரங்களை முதலில் செங்குத்தாக வெட்டிச் சதுரமாக்குவார்கள். சின்னப் பள்ளத்தை ஏன் பெரிதாக்குகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். ஓரம் மெல்லியதாக இருந்தால் புதுக் கலவை அங்கே பிடிக்காது, அதற்காகத்தான். பிறகு உள்ளே இருக்கும் ஈரம், தூசு எல்லாவற்றையும் துடைத்து எடுத்து, தார்க் குழம்பை ஒரு பூச்சுப் பூசி, கலவையைச் சற்று மேடாகவே நிரப்பி, சூடு ஆறுவதற்குள் ரோலரால் அழுத்துவார்கள்.

சூடு முக்கியம். ஆலையிலிருந்து 150 டிகிரி அளவில் கிளம்புகிற கலவை அது. போக்குவரத்தில் மாட்டி ஆறிப்போனால் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. இறுகாத இடைவெளியில் தண்ணீர் இறங்கும். தாருக்கு எமன் வெயில் இல்லை, தண்ணீர். அதனால்தான் வடிகால் அடைத்திருக்கும் தெருவில் ரோடு நிற்பதே இல்லை. சித்திரை வெயிலில், அந்தக் கொதிக்கும் கலவைக்குப் பக்கத்தில், ரப்பர் செருப்போடு ஒருவர் நின்று அதைப் பரப்புவதைப் பார்க்கும்போது, அவருக்கு ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் கொடுக்க நம் வரிப்பணத்தில் இடமில்லையா என்று எனக்கு ஆத்திரம் வரும். ரோடு ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையில் அது எந்த மூலைக்கு?

ரோடு என்றதும் இன்னொன்று. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வாசலில் மூன்று படி ஏறிப் போன வீடுகளெல்லாம் இன்று இரண்டு படி இறங்கிப் போகிற வீடுகளாகிவிட்டன. மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் படும் பாடு உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அதே மட்டத்தில் புதுசு போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வந்தால் சுரண்டினார்களா என்று முதலில் பாருங்கள். வேலை முடிந்த பிறகு புகார் சொல்லிப் பயனில்லை. அப்படியே குடிநீர் வால்வு மூடியையும் தார் போட்டுப் புதைத்துவிடாமல் மேலே எடுத்துக் கட்டச் சொல்லுங்கள். நம் பதினாலு சுத்து அண்ணன் உங்களை வாழ்த்துவார்.

தெருவிளக்கு விஷயத்தில் சின்ன யோசனை ஒன்று மட்டும். ஒரே ஒரு கம்பம் எரியவில்லை என்றால் பெரும்பாலும் அந்த விளக்கில்தான் கோளாறு. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் வயர்மேன் நேராக அங்கே வந்துவிடுவார். வரிசையாக ஏழெட்டு விளக்கு அணைந்தால் சுவிட்ச் பெட்டியோ கேபிளோ போயிருக்கும். யாராவது பக்கத்தில் ரோட்டைத் தோண்டினார்களா என்று பார்த்து அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாதி வேலை மிச்சம். மழை நேரத்தில் கம்பத்தைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் ஒருமுறைக்கு இரண்டு முறை சொல்லி வையுங்கள்.

இனி நம் வீட்டுப் பக்கம்.

காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் லைனில் நேராக மோட்டார் போட்டு இழுக்கிறோமா? பல வீடுகளில் நடக்கிறது, ஒளிக்க வேண்டாம். அதன் கெடுதல் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறைவதோடு நிற்பதில்லை. நம் ஊர்க் குழாய்கள் பெரும்பாலானவற்றில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. விட்டு விட்டு ஓடும் குழாயை மோட்டார் உறிஞ்சினால், விரிசல் இருக்கும் இடத்தில் வெளியில் தேங்கியிருக்கும் சாக்கடை உள்ளே இழுபடும். அடுத்த நாள் "குடிதண்ணியில் நாற்றம்" என்று நாமேதான் புகார் கொடுப்போம். அதற்காக ஃபிட்டர் வந்து தெருவையே தோண்டித் தேடுவார்.

மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால், சீக்கிரம் வடியட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. தெருவின் மண்ணும் பிளாஸ்டிக்கும் அதற்குள் போய் அடைத்துக்கொண்டு, கடைசியில் தரைத்தள வீட்டுக் குளியலறையில் பொங்கும். தண்ணீருக்கு அடியில் மூடி இல்லாத குழி யாருக்குத் தெரியும்? வேலைக்குப் போய்த் திரும்புகிற யாரோ ஒருவர் கால் வைப்பார்.

சமையலறை எண்ணெய், சானிட்டரி நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான் தாள், தலைமுடி... பட்டியலை நீட்ட விரும்பவில்லை. இவையெல்லாம் பாதாளச் சாக்கடையில் கரைவதில்லை. சேர்ந்து கயிறு திரித்த மாதிரி திரண்டுவிடுகின்றன. ஜெட் ராடிங் மெஷின் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி உடைக்கப் பார்க்கும். முடியாதபோதுதான் "யாராவது இறங்கிப் பார்த்தா..." என்ற பேச்சு வரும்.

அந்தப் பேச்சை யார் பேசினாலும் அங்கேயே நிறுத்துங்கள். குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். "நாத்தம் கொறஞ்சிடுச்சு, எறங்கலாம்" என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. முதலில் இறங்கியவர் சுருண்டு விழுவார். அவரைத் தூக்கப் பின்னாலேயே தம்பியோ மச்சானோ இறங்குவார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து வருவது இதனால்தான்.

செப்டிக் டேங்க் நம் சொந்த வீட்டு விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். 2014-இல் உச்ச நீதிமன்றம் இப்படி இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. கேரளத்து இளம் பொறியாளர்கள் 2018-இல் கொண்டுவந்த, ஆளுக்குப் பதில் குழிக்குள் இறங்கும் பண்டிகூட் ரோபோ நம் ஊர்கள் சிலவற்றுக்கும் வந்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகும் ஆள் இறங்குகிறார் என்றால், ஐந்நூறு ரூபாய்க்கு ஆள் கிடைக்கிறார் என்பதுதான் காரணம். எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து கிடைக்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பேசாமல் இந்த வேலையைப் பற்றி எழுதினால் நான் உங்களுக்குப் பாதிதான் எழுதியவளாவேன். செப்டிக் டேங்க் எடுக்க 14420 என்ற எண் இருக்கிறது. பதிவு பெற்ற லாரிதான் வர வேண்டும். ஆள் உள்ளே இறங்கக் கூடாது.

இந்தப் பணியாளர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் வாசலில் வேலை செய்கிறவர் தண்ணீர் கேட்டால் நாம் கொடுக்காமல் இருப்பதில்லை. எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறோம்? டிஸ்போசபிள் கப் தேடி உள்ளே ஓடுகிறோமா? அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இவ்வளவும் நாம் செய்தாலும், ஆள் எண்ணிக்கையும் சம்பளமும் நம் கையில் இல்லையே என்பீர்கள். கொஞ்சம் நம் கையிலும் இருக்கிறது. புது ரோடு, புது பூங்கா, புது வடிகால் என்றால் கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு. இருக்கும் வடிகாலைப் பத்து வருடம் ஒழுங்காக வைத்திருந்ததற்கு யாராவது கல்வெட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கவுன்சிலரிடம் போனால் நாமும் புதிதாகத்தான் எதையாவது கேட்கிறோம். மொட்டை மாடி விரிசலுக்கு ஆயிரம் ரூபாய்ப் பூச்சுப் பூச மனம் வராமல், ஐந்தாவது வருடம் கூரையே பெயர்ந்த பிறகு லட்சக் கணக்கில் கடன் வாங்குகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். ஊர் நிர்வாகமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பராமரிப்பைப் பற்றிக் கேட்க ஓர் இடமும் இருக்கிறது. கிராமசபை உங்களுக்குத் தெரியும். நகரங்களுக்கும் அப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். உங்கள் வார்டிலும் ஏரியா சபை இருக்க வேண்டும். எப்போது கூடுகிறது, எங்கே கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி இடம் பெண்களுக்கு. தண்ணீர்க் குடம் தூக்கிய கஷ்டம் தெரிந்தவராகவே உங்கள் கவுன்சிலரும் இருக்கக்கூடும். அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்வார்.

கூட்டத்துக்குப் போனால் புதிய விளக்கு, புதிய ரோடு கேட்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள். எங்கள் வார்டில் பராமரிப்புக்கு எத்தனை பணியிடம், அதில் எத்தனை காலி? ஒப்பந்த ஆட்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது? பி.எஃப். கட்டிய ரசீதை யார் பார்க்கிறார்கள்? கையுறையும் பூட்ஸும் கடைசியாக எப்போது கொடுத்தார்கள்? எங்கள் தெரு வால்வைத் திறப்பவர் எந்த வருடம் ஓய்வு பெறுகிறார், அவரோடு கூட நடந்து கற்றுக்கொள்ள இப்போது யாரை அனுப்பியிருக்கிறீர்கள்?

கேட்டு என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். தீபாவளி இதழ் கனமாக இருக்கும். கார்த்திகை இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன். கொலு வாசலில் சேற்றுக் குவியல் என்று எழுதிய வாசகிக்கு: உங்கள் தெருப் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். அனுப்பி வையுங்கள், நானும் ஒரு போன் செய்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்